நின்றுபோனவர்களுக்கு எத்தனை பக்கம்? – பள்ளி மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மலர்க் குழுவினருக்கு,

வணக்கம். உங்களில் மூன்று பேர் எனக்கு மேல் வகுப்பில் படித்த அண்ணன்மார். இரண்டு பேர் என் பஸ்ஸில் வந்த பிள்ளைகள். அதில் ஒரு தம்பி சன்னலோர இடத்துக்காக வாரம் ஒரு சண்டை போட்டவர். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். டீக்கடையில் ஒரு தடவை சொன்னேன். "எழுதிக் கொடுங்க அண்ணே, பாத்துக்கலாம்" என்றீர்கள். சரி, எழுதிவிட்டேன். ஊரில் மற்றவர்களும் படிக்கட்டும் என்று உறையை ஒட்டாமலே அனுப்புகிறேன்.

நம் டவுன் இடைநிலைப்பள்ளியின் வரலாற்றை மலராகக் கொண்டுவரப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். கேட்டில் சங்கிலி தொங்குகிறது. திடலில் லாலான் புல் இடுப்புக்கு மேல் நிற்கிறது. யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். நீங்கள் சுற்றுக்கு விட்ட வரைவை என் மகள் தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை பேனாவோடு.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பலகைக் கட்டடமாக இருந்த நாள், மண்டபம் திறந்த நாள், தலைமையாசிரியர்கள் படம் வரிசையாக, ஹாக்கிக் கிண்ணம், எந்த ஆண்டு எத்தனை பேர் தேறினார்கள் என்ற பட்டியல். அப்புறம் 'பள்ளியின் மாணிக்கங்கள்' என்று ஒரு பகுதி. டாக்டர்கள், வழக்கறிஞர்கள், ஒரு நீதிபதி, டத்தோ பட்டம் வாங்கிய இரண்டு பேர். கடைசியில் பள்ளி மூடப்பட்டது பற்றி ஒரே ஒரு வரி: 'மாணவர் எண்ணிக்கை சரிந்ததால்.'

வரைவோடு நிரப்பிக் கொடுக்க ஒரு பாரமும் வந்தது. பெயர், படித்த ஆண்டு, கடைசியாகப் படித்த வகுப்பு, தற்போதைய பதவி. நான் நிரப்பினேன். 1974 முதல் 1977 வரை. மூன்றாம் படிவம். அதாவது ஒன்பதாம் வகுப்பு. பஸ் டிரைவர், ஓய்வு. இரண்டு மாதமாயிற்று, ஒரு பதிலும் இல்லை. அதே வாரம் பாரம் அனுப்பிய டாக்டர் வீட்டுக்குப் படம் எடுக்கப் போனீர்கள் என்று கேள்வி. எனக்குக் கோபமில்லை. டாக்டர் தங்கமான மனுஷன், என் முதுகுவலிக்கு அவர்தான் மருந்து கொடுக்கிறார். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஐந்தாம் படிவம் தேறியவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுவாரியாகப் போட்டிருக்கிறீர்கள். அதே பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தபோது எத்தனை பேராக இருந்தார்கள்? அந்த எண்ணிக்கை வரைவில் எங்குமே இல்லை. நுழைந்தவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் நடுவில் காணாமல் போனவர்கள்தான் நாங்கள். பெரும்பாலும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள்.

முதல் பத்தாண்டுப் படங்களில் தோட்டத்து முகம் ஒன்றுகூட இல்லையே, ஏன் என்று நீங்கள் யோசித்தீர்களா? வரைவில் அது ஒரு விஷயமாகவே வரவில்லை. எங்கள் அப்பா சொல்வார். 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்தது. அப்புறம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைக் கம்பி வேலிக்குள் கொண்டுவந்தார்கள். கேட்டுக்குச் சாவி, ராத்திரிக்கு ஊரடங்கு, வெளியே போகும்போது சோற்றுத் தூக்கைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். 1960 வரை அந்தச் சட்டம் இருந்தது. டவுன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது என்றால் முதலில் கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டைத் தாண்டினாலும் ஆங்கிலம் வேண்டும். எங்களுக்கு இருந்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஏழிலிருந்து பதினாலு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வைத்தார்கள், மறுக்கவில்லை. பல தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணியோ ஆள் மேய்க்கும் கங்காணியோதான் வாத்தியார். அந்தப் பள்ளியிலிருந்து டவுன் பள்ளிக்கு வழி இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதவில்லை.

வழி திறந்தது பின்னால்தான். 1964 வரை ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறாதவன் படிப்பு அங்கேயே முடிந்தது. 1965இல் அதை எடுத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் மூன்றாம் படிவம் வரை விடலாம் என்று ஆக்கினார்கள். வரைவில் இதற்கு ஒரு வரி இருக்கிறது: 'இக்காலக்கட்டத்தில் மாணவர் எண்ணிக்கை வேகமாக உயர்ந்ததால் இடப் பற்றாக்குறை ஏற்பட்டது.' அந்த இடப் பற்றாக்குறை நாங்கள்தான் ஐயா. லாரியில் வந்து இறங்கியவர்கள்.

நான் 1968இல் ஒன்றாம் வகுப்பு. ஒரே ஹாலில் மூன்று வகுப்பு நடக்கும். மறு வருடம் பெஞ்சு காலியாக ஆரம்பித்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் வந்த காலம். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த குடும்பங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறின. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் போகும்போது அவனுடைய சிலேட்டுப் பலகையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஊர் பெயர் மட்டும் சொன்னான், அறந்தாங்கிப் பக்கம் என்று. இவ்வளவும் டவுன் பள்ளி மலருக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 1974இல் எங்கள் தோட்டத்திலிருந்து புகுமுக வகுப்புக்கு ஏன் ஒன்பதே பேர் வந்தோம் என்பதற்கு இதுதான் முன்கதை.

புகுமுக வகுப்பு. ரிமூவ் என்று சொல்வோம். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் மொழி கற்றுக்கொடுத்து, அப்புறம் முதலாம் படிவத்துக்கு அனுப்புவார்கள். உங்கள் வரைவில் அந்த வகுப்பு இல்லவே இல்லை. குழுவில் யாரும் அதில் படிக்கவில்லை, அதனால் விட்டுப்போயிருக்கும். கேன்டீனுக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகையை ஒட்டி இருந்த தகரக் கூரை அறை. மழை பெய்தால் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு எழுதச் சொல்லிவிடுவார். கூரைச் சத்தத்தில் குரல் கேட்காது! சீன டீச்சர். எங்கள் வாயைப் பார்த்துப் பார்த்து 'உக்காரு', 'எழுந்திரு', 'சாப்ட்டியா' மூன்றும் கற்றுக்கொண்டார். நாங்கள் அவரிடமிருந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டதைவிட அவர் எங்களிடமிருந்து தமிழ் கற்றது வேகம். அவர் பெயர் தலைமையாசிரியர் வரிசையில் வராது. மலரில் எங்காவது வர வேண்டும்.

எங்களுக்குப் பிற்பகல் பள்ளி. புகுமுக வகுப்பு, முதலாம் படிவம், இரண்டாம் படிவம் மூன்றும் பிற்பகலில். மூன்றாம் படிவத்திலிருந்து காலை. வரைவில் 'பிற்பகல் பிரிவு என்ற குறை பல ஆண்டுகள் நீடித்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். டவுன் பிள்ளைகளுக்கு அது குறையாக இருந்திருக்கலாம். எங்களுக்கு அந்தப் பிற்பகல்தான் படிப்பையே கொடுத்தது.

எப்படி என்று சொல்கிறேன். அம்மா விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். ஆறு மணிக்கெல்லாம் ரப்பர் வெட்டு தொடங்கும். ஒரு நிரை முடிந்து அடுத்த நிரை, அப்படி ஐந்நூறு மரம் வரைக்கும். பத்து மணிக்குமேல் மரத்தில் கட்டிய மங்குகளில் பால் எடுக்க வேண்டும். நான் போய் எடுத்துக் கொடுப்பேன், உறைந்துபோன ஒட்டுப்பால் உரிப்பேன். அம்மா காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பார். நான் வீட்டுக்கு ஓடிக் குளித்து, பழைய சோறு சாப்பிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, பன்னிரண்டு மணி லாரிக்கு நிற்பேன். எவ்வளவு தேய்த்தாலும் விரல் இடுக்கில் பால் வாசம் போகாது. டவுன் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, காலையில் என் கை வீட்டுக்கு உதவியது, மத்தியானம் அதே கை பேனா பிடித்தது. இரண்டும் முடிந்தது.

மூன்றாம் படிவத்தில் காலைப் பள்ளிக்கு மாற்றியதும் அது நின்றுபோனது. அம்மாவுக்கு உதவி இல்லை, எடை குறைந்தது, சம்பளம் குறைந்தது. என்னோடு வந்த ஒன்பது பேரில் நான்கு பேர் அந்த ஜனவரியிலேயே நின்றுவிட்டார்கள். தேர்வில் தோற்று நின்றவர்கள் இல்லை. கடிகாரம் மாறியதால் நின்றவர்கள். இதை எந்த அறிக்கையும் எழுதவில்லை. நீங்களாவது எழுதுங்கள்.

நானும் மீதி நான்கு பேரும் தேர்வு வரை போனோம். எங்கள் ராசியைக் கேளுங்கள். 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் ஒன்றாம் வகுப்பில் மலாய்ப் பாடமொழி தொடங்கி, வருடம் ஒரு வகுப்பாக ஏறி, 1976இல் முதலாம் படிவத்துக்கு வந்தது. நான் 1975இல் முதலாம் படிவம். ஆங்கிலத்தில் படித்த கடைசி வண்டி நாங்கள். எங்களுக்கு ஒரு வருடம் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மலாயில் படித்தார்கள். ஆறு வருடம் தமிழில் படித்துவிட்டு, ஒரு வருடம் தகரக் கொட்டகையில் ஆங்கிலம் கற்று, மூன்று வருடத்தில் மூன்றாம் படிவத் தேர்வான எல்.சி.இ. எழுதினேன். கணக்கு வந்தது. சரித்திரம், பூகோளம் எல்லாம் கேள்வியே புரியவில்லை. தோற்றேன். சரி, திரும்ப மூன்றாம் படிவத்தில் உட்காரலாம் என்றால், பின்னால் வந்த வகுப்பு மலாயில் நடக்கிறது. 1978இல் அந்தத் தேர்வே எஸ்.ஆர்.பி. என்று ஆகிவிட்டது. எனக்குத் திரும்பிப்போக வகுப்பே இல்லை.

மலாய் வந்தது தப்பு என்று சொல்லவில்லை. மலாய்க் கிராமமான கம்பத்துப் பையன்களோடு பந்து விளையாடி எனக்கு ஆங்கிலத்தைவிட மலாய்தான் சரளம். ஒரு வருடம் பிந்திப் பிறந்திருந்தால் ஒருவேளை தேறியிருப்பேன். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அத மொதல்லயே சொல்லியிருந்தா பாத்திருப்பேனே" என்றார்.

பள்ளியை விட்டபோது ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். இன்னும் வைத்திருக்கிறேன். 'விலகிய காரணம்' என்ற இடத்தில் 'சொந்த விருப்பம்' என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை. என்னோடு நின்ற மற்றவர்களுடையதையும் அப்போதே வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே இரண்டு வார்த்தை. ஆபீசில் ஒரே மூச்சில் அடித்திருப்பார்கள் போலிருக்கிறது.

அதே சமயம், நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 1975இல்தான் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. சம்பளச் சீட்டைக் காட்டி, கிராணியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால், வருடம் முழுக்கப் புத்தகம் இலவசமாகக் கிடைத்தது. என் முதல் புத்தகக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு லாரியில் நின்றபடி வந்தேன். வரைவில் இது இருக்கிறது, நன்றி. 'வசதி குறைந்த மாணவர்கள் பயனடைந்தனர்' என்று மொட்டையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நின்ற பிறகு மூன்று வருடம் தோட்டத்தில் புல்வெட்டு, உரம் போடுதல், பால்வெட்டு. 1981இல் பள்ளி பஸ்ஸில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். 1985இல் லைசன்ஸ் எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். ஆக, அந்தப் பள்ளியில் படித்தது நாலு வருடம், அதன் கேட்டில் நின்றது முப்பது வருடத்துக்குமேல். எந்தத் தலைமையாசிரியரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை!

பஸ்ஸிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் வேறு மாதிரி தெரியும். உதாரணத்துக்கு 1982 ஜனவரி 1. அன்று தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். டவுனில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. தூரத்துத் தோட்டத்திலிருந்து காலைப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அன்றிலிருந்து கும்மிருட்டு. பெண் பிள்ளைகளை அப்பாவோ அண்ணனோ டார்ச்லைட்டோடு பஸ் வரும் சடக்கு வரை கொண்டுவந்து விடுவார்கள். கொண்டுவந்து விட ஆள் இல்லாத வீடுகளில் பெண் பிள்ளை நின்றுவிடும். அந்த வருடம் எங்கள் பாதையில் மூன்று பெண்கள் நின்றார்கள். ஒருத்தி வகுப்பில் முதலாவது.

தமிழ் வகுப்பு இன்னொன்று. இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டும் என்பது சட்டம். நம் பள்ளியில் அது சனிக்கிழமை காலை நடந்தது. சனிக்கிழமை பஸ் இல்லை. டவுனில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான். தோட்டத்துப் பிள்ளைகள் வராவிட்டால் பதினைந்து ஆகாது. தமிழாசிரியை ஒருநாள் என் பஸ்ஸில் ஏறி, "தம்பி, நீங்க வந்தா வகுப்பு இருக்கும், வராட்டி இல்ல" என்றார். முதலாளியிடம் பேசி சனிக்கிழமை ஒரு நடை போனேன். இலவசமாகப் போனேன் என்று எழுதிவிடாதீர்கள். பாதிக் கட்டணம் வாங்கினேன். எண்ணெய்க்காசு வேண்டுமே. வரைவில் 'தமிழ்மொழிப் பாடம் சிறப்பாக நடத்தப்பட்டது' என்று இருக்கிறது. நடந்ததற்கு ஒரு டீச்சரும் ஒரு பழைய பஸ்ஸும் காரணம்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். 'மாணவர் எண்ணிக்கை சரிந்ததால் பள்ளி மூடப்பட்டது.' செத்தவனுக்கு மூச்சு நின்றதால் செத்தான் என்று எழுதுகிற மாதிரி இருக்கிறது. எண்ணிக்கை ஏன் சரிந்தது? பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டோமா?

என் பாதையை வைத்துச் சொல்கிறேன். நான் ஓட்ட ஆரம்பித்தபோது ஏழு தோட்டத்தில் நிறுத்தம். 44 இருக்கை, இரண்டு நடை, நின்றுகொண்டு வருபவர்கள் வேறு. முதலில் ரப்பரை வெட்டி, எண்ணெய்க்கான செம்பனை வைத்தார்கள். ரப்பருக்குத் தினமும் மரத்துக்கு மரம் கை வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று போய் வெட்டினால் போதும். அதே நிலத்துக்கு ஆள் குறைவு. அந்தக் குறைந்த ஆளையும் பிறகு வெளிநாட்டிலிருந்து தனி ஆளாகக் கொண்டுவந்தார்கள், குடும்பம் கிடையாது, பள்ளிக்குப் பிள்ளையும் கிடையாது. அப்புறம் நிலத்தையே விற்றார்கள். ஒரு தோட்டம் தொழிற்பேட்டை ஆயிற்று. ஒன்று வீடமைப்பு. ஒன்று கோல்ப் திடல். அந்த லயத்து மாரியம்மன் கோயில் பதினோராவது குழிக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் தனியாக நின்றது.

நாடு முழுக்க நடந்ததுதான். இன்று புத்ராஜெயா இருக்கும் இடம் பெராங் பெசார், செட்ஜ்லி, காலவே, மாடிங்லி என்று நான்கு தோட்டம். அங்கிருந்த குடும்பங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். அது நாட்டின் நிர்வாகத் தலைநகர் என்பதால் பத்திரிகையில் வந்தது. நம் பக்கத்துத் தோட்டங்கள் சத்தமில்லாமல் போயின. வீட்டுக்கு ஒரு கடிதம், கொஞ்சம் பணம், ஒரு தவணை. சனங்கள் கிள்ளான், ஷா ஆலாம், ரவாங் என்று சிதறிப் போனார்கள். பிள்ளைகள் அங்கே புதுத் தாமான் குடியிருப்புகளில் உள்ள பள்ளிகளில் சேர்ந்தார்கள். எண்ணிக்கை சரியவில்லை ஐயா, வீடு மாறிப் போனது. என் கடைசி வருடம் பஸ்ஸை விட்டுவிட்டு வேன் ஓட்டினேன். பதினோரு பிள்ளைகள். ஏழு நிறுத்தத்தில் மிச்சம் இரண்டு.

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளியின் கதை உங்களுக்குத் தெரியும். 1893இல் தொடங்கியது. 2000இல் அந்த இடத்தைக் காலி செய்து செராஸுக்குக் கொண்டுபோய்ப் பெயரையும் மாற்றினார்கள். பழைய நிலத்தில் 2007இல் பெவிலியன் பேரங்காடி திறந்தது. அந்தப் பள்ளி அங்கே இருந்தது என்று இன்றும் ஊருக்குத் தெரிகிறது. படித்துவிட்டுப் போனவர்கள் எழுதத் தெரிந்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், நாட்டில் பெரிய இடங்களில் இருப்பவர்கள். நம் பள்ளி நிலத்துக்குப் பேரங்காடி எதுவும் வராது. லாலான்தான் வரும். எழுதிவைக்கவும் உங்களை விட்டால் ஆள் இல்லை. நீங்கள் விட்டது விட்டதுதான். அதனால்தான் இவ்வளவு நச்சரிக்கிறேன்.

இரண்டு காரியம் கேட்கிறேன்.

முதலாவது, பதிவேடுகள். மூடுவதற்கு முந்தின வருடம் ஆபீஸ் அறையைக் காலி செய்தபோது பெஞ்சு தூக்க என்னையும் கூப்பிட்டார்கள். இரும்பு அலமாரியில் சேர்க்கைப் பதிவேடுகள் வரிசையாக இருந்தன. தடித்த அட்டை, நீல மசி, பலகைக் கட்டடக் காலத்திலிருந்து. பெயர், அப்பா பெயர், அப்பாவின் தொழில், முகவரி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம். முகவரி என்ற இடத்தில் தோட்டம், டிவிஷன், லய எண்கூட எழுதியிருக்கிறது. அந்தத் தோட்டங்கள் பல இன்று வரைபடத்திலேயே இல்லை. இன்னார் இங்கே வாழ்ந்தார் என்பதற்கு நீல மசியில் அந்த ஒரு வரிதான் மிச்சம். அலமாரி இன்னும் உள்ளேதான் இருக்கிறது, சன்னல் வழியாகத் தெரிகிறது. அந்த மூலைக் கூரையில் தகரம் ஒன்று பெயர்ந்திருக்கிறது. கறையானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அரசாங்கப் பதிவேடுகளைக் காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதி இல்லாமல் அழிக்கக் கூடாது என்கிறது. வேண்டுமென்று கிழிப்பது மட்டும் அழிப்பதா? மழையில் விட்டுவைப்பதும் அழிப்பதுதான் என்பது என் கணக்கு. சட்டம் தெரிந்தவர்கள் உங்கள் குழுவில் இருக்கிறார்கள், சொல்லட்டும். நான் போய் ஆபீஸ் கவுண்டரில் கேட்டேன். "பாக்சிக், அது இங்க இல்ல, வேற பிரிவு" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். டத்தோ கையெழுத்துப் போட்ட கடிதம் போனால் அந்தக் கவுண்டர் வேறு மாதிரி பேசும். மாணிக்கங்களுக்கு அந்தப் பலம் உண்டு. மலர் அச்சடிப்பதற்கு முன்னால் அந்த ஒரு கடிதத்தை எழுதுங்கள். மலர் ஆறு மாதம் பிந்தினால் குடிமுழுகிப் போகாது. ஒரு மழைக்காலம் பிந்தினால் பதிவேடு போய்விடும்.

இரண்டாவது, மலரில் நின்றுபோனவர்களுக்குப் பக்கம். அனுதாபப் பக்கம் வேண்டாம். 'ஏழ்மையிலும் போராடிய' என்று ஆரம்பித்து யாராவது எழுதினால் நானே கிழித்துவிடுவேன். நான் கேட்பது பட்டியல். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்தப் படிவத்தில் நின்றார்கள், ஏன். தேர்வு முடிவுக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில்.

'ஏன்' என்பதற்குப் பதிவேட்டை நம்ப முடியாது, 'சொந்த விருப்பம்' என்றுதான் இருக்கும். அதற்கு என்னிடம் வேறு ஒன்று இருக்கிறது. பஸ் கட்டண நோட்டுகள். 1985 முதல் வருடத்துக்கு ஒன்று, சில வருடம் இரண்டு. பிள்ளை பெயர், தோட்டம், மாதக் கட்டணம், கொடுத்த தேதி. பிப்ரவரி, மார்ச்சில் பாருங்கள், ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் வரிசையில் பாதிக் கட்டம் காலியாக இருக்கும். இலை உதிர்ந்து பால் குறையும் காலம். மழை மாதத்திலும் அப்படியே, வெட்டு இல்லாவிட்டால் காசு இல்லை. செம்பனைக்கு மாறிய பிறகு அந்தக் காலிக் கட்டங்கள் குறைகின்றன, பெயர்களும் குறைகின்றன. யாராவது நின்றுவிட்டால் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதிவைப்பேன், அடுத்த மாதம் வீண் நடை போகக் கூடாதே என்பதற்காக. 'அப்பாவுக்குக் கால் முறிவு.' 'சூரா பெரானா (பிறப்புச் சான்றிதழ்) இல்லை, பரீட்சைக்குப் பெயர் போகவில்லை.' 'தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள.' 'பேக்டரி.' 'கல்யாணம்.' 'தோட்டம் வித்தாச்சு.' இந்தக் கடைசிக் காரணம் 1990களில் ஒரு பக்கம் முழுக்க வரும். கீழே கீழே அதே வார்த்தையைப் போட்டு அலுத்து, ஒரு இடத்தில் கோடு மட்டும் இழுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன். வாருங்கள், டீ போடச் சொல்கிறேன். நோட்டுகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே கொண்டுபோக விடமாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. வலது ஓரத்தில் சிவப்பு மையில் 'பாக்கி' என்று ஒரு பத்தி இருக்கும், அதை அட்டையால் மூடிவிட்டு எடுங்கள். அந்தப் பாக்கியில் சில பெயர்கள் இப்போது உங்கள் மாணிக்கங்கள் பகுதியில் இருக்கின்றன. நீதிபதி ஐயாவுக்கு மட்டும் நான்கு மாதம்.

இப்படிக்கு,
புகுமுக வகுப்பு 1974, மூன்றாம் படிவம் 1977,
உங்கள் பஸ் அண்ணன்